மறுக்கப்பட்ட முதுகுவலி: அமெரிக்க முன்னாள் படைவீரர்களின் மேல்முறையீடு

படைப்பணியின்போது ஏற்பட்ட காயத்தாலோ நோயாலோ உடல்திறன் குன்றியவர்களுக்கு அமெரிக்க அரசு மாதந்தோறும் வழங்கும் தொகை இயலாமை இழப்பீடு எனப்படுகிறது. அதைப் பரிசீலித்து வழங்கும் பொறுப்பு அந்நாட்டின் முன்னாள் படைவீரர் நலத்துறையைச் சார்ந்தது. இழப்பீடு பெறுவோரிடம் மிகுதியாகக் காணப்படும் குறைபாடுகளை வரிசைப்படுத்தி அத்துறை ஆண்டுதோறும் வெளியிடும் பட்டியலில் காது இரைச்சல் முதலிடத்தில் நிற்க, முதுகு, கழுத்துச் சுளுக்கும், இடுப்பிலிருந்து காலுக்கு இறங்கும் சயாட்டிக் நரம்பின் பாதிப்பும் முதல் பத்து இடங்களுக்குள் தொடர்ந்து இடம்பெற்று வருகின்றன. முதுகில் சுமையும் மார்பில் கவச உடையுமாகப் பல கிலோமீட்டர் நடப்பவர்கள், பாராசூட்டில் குதித்துத் தரையில் இறங்குபவர்கள், கவச வண்டியிலும் ஹெலிகாப்டரிலும் மணிக்கணக்கில் அதிர்வைத் தாங்கி அமர்ந்திருப்பவர்கள் ஆகியோரின் முதுகெலும்பு பழுதுபடுவதில் வியப்பில்லை. ஆயினும் படைக்கே போகாதவர்களுக்கும் நாற்பது வயதுக்கு மேல் முதுகு வலிக்கும் என்பதால், வந்திருக்கும் வலி படைப்பணி தந்ததா, வயது தந்ததா என்ற கேள்வி ஒவ்வொரு விண்ணப்பத்தின் முன்னும் எழுந்து நிற்கிறது. மறுப்புக் கடிதங்களில் பெரும்பாலானவை இந்தக் கேள்வியிலிருந்தே பிறக்கின்றன.

சட்டம் கேட்பது மூன்று. விண்ணப்பதாரருக்கு இப்போது ஒரு குறைபாடு இருக்க வேண்டும். பணிக்காலத்தில் ஒரு காயமோ நோயோ நிகழ்ச்சியோ நடந்திருக்க வேண்டும். அவ்விரண்டையும் இணைக்கும் காரணத் தொடர்பு நிறுவப்பட வேண்டும். இவை மூன்றும் கூடிய நிலையே பணித்தொடர்பு எனப்படும். மூன்றாவதாகச் சொன்ன இணைப்பை வழக்கறிஞர்களும் படைவீரர் சங்கத்தாரும் நெக்ஸஸ் என்றே குறிப்பிடுகிறார்கள். முதுகைப் பொறுத்தவரை முதல் நிபந்தனை எளிதில் நிறைவேறும், எக்ஸ்ரேயோ எம்.ஆர்.ஐ. ஸ்கேனோ எடுத்தால் முள்ளெலும்புகளுக்கு இடையிலுள்ள வட்டு தேய்ந்திருப்பது, பிதுங்கியிருப்பது, நரம்பை அழுத்துவது ஆகியவை தெரிந்துவிடும். இரண்டாவது நிபந்தனையில் தடுமாற்றம் தொடங்குகிறது. மூன்றாவதில் கோரிக்கை விழுகிறது.

மறுப்புக் கடிதம் ஒன்றின் காரணப் பகுதி பெரும்பாலும் ஒரே போக்கில் செல்வதைக் காணலாம். பணிக்காலத்தில் ஒருமுறை முதுகுச் சுளுக்குக்குச் சிகிச்சை பெற்றதாகப் பதிவு இருக்கிறது, சில நாள்களில் குணமடைந்ததாக அதே பதிவு சொல்கிறது, பணியிலிருந்து விடுபடும்போது நடந்த பரிசோதனைப் படிவத்தில் முதுகுவலி இல்லை என்று குறிக்கப்பட்டிருக்கிறது, அடுத்த மருத்துவக் குறிப்பு பதினைந்து ஆண்டுகள் கழித்தே வருகிறது, ஆகவே இப்போதுள்ள தேய்மானம் வயதின் விளைவாகவே இருக்கக்கூடும் என்று அது முடியும். காகிதத்தை மட்டும் வைத்துப் படிப்பவருக்கு இந்தத் தருக்கம் குறையற்றதாகவே தோன்றும். வலியைச் சொன்னால் சோம்பேறி என்று பெயர் வாங்க நேரும், பதவி உயர்வு தள்ளிப்போகும், தோழர்களுடன் களத்துக்குப் போக முடியாது என்ற அச்சம் நிலவும் ஒரு பணியில், வலிநிவாரணி மாத்திரையை விழுங்கிவிட்டு அணிவகுப்புக்குப் போனவர் எந்தப் பதிவையும் விட்டுச்செல்வதில்லை என்பது அந்தக் காகிதத்தில் எங்கும் எழுதப்பட்டிருப்பதில்லை. வீட்டுக்குப் போகும் நாளில் பரிசோதனைப் படிவத்தை விரைந்து நிரப்பியவரும் அப்படித்தான். வலியை வெளியே சொல்லாதே என்று பழக்கிய அதே அரசு, பின்னாளில் அந்த மௌனத்தையே சான்றாக எடுத்து நீட்டுவது நியாயமாகாது.

பதிவு எழுதப்பட்டிருந்தும் கிடைக்காமல் போனவர்களும் உண்டு. செயின்ட் லூயிஸ் நகருக்கு அருகிலுள்ள தேசியப் பணியாளர் பதிவேட்டு மையத்தில் 1973 ஜூலை 12 அன்று மூண்ட தீயில் 1.6 கோடி முதல் 1.8 கோடி வரையிலான கோப்புகள் அழிந்தன. 1912-க்கும் 1960-க்கும் இடையே தரைப்படையிலிருந்து விடுபட்டவர்களின் கோப்புகளில் ஏறத்தாழ 80 விழுக்காடு அவற்றுள் அடங்கும். இத்தகையோரின் கோரிக்கைகளில் துறை கூடுதல் கவனத்துடன் மாற்றுச் சான்றுகளைத் தேடவும், தன் முடிவுக்கான காரணத்தை விரிவாக எழுதவும் கடமைப்பட்டுள்ளது.

இந்த இடைவெளியை நிரப்பச் சட்டத்தில் வழி இருக்கிறது என்பதே மேல்முறையீட்டின் அடிப்படை. மருத்துவப் படிப்பு இல்லாதவரும் தாம் பட்டதை, கண்டதை, உணர்ந்ததைச் சொல்லத் தகுதியுடையவர் என்று நீதிமன்றங்கள் ஏற்றுள்ளன. இது சாமானியர் சாட்சியம் எனப்படும். நெடுநாள் மருத்துவரிடம் செல்லாத இடைவெளியையும் கணக்கில் எடுக்கலாம் என்று 2000-ஆம் ஆண்டின் மேக்ஸன் வழக்கில் ஃபெடரல் சர்க்யூட் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது உண்மை. ஆனால் அதே நீதிமன்றம் 2006-ஆம் ஆண்டின் புக்கானன் வழக்கில், அக்காலத்து மருத்துவப் பதிவு இல்லை என்ற ஒரே காரணத்துக்காகச் சாமானியர் சாட்சியத்தைத் தள்ளிவிடக் கூடாது என்று வரையறுத்தது. எனவே உடன் பணியாற்றியவர் ஒருவர், இன்ன முகாமில், இன்ன பயிற்சியின்போது, வண்டியிலிருந்து குதித்த இவர் எழ முடியாமல் கிடந்ததைத் தாம் பார்த்ததாக எழுதித் தரும் ஒரு பக்கமும், பணியிலிருந்து திரும்பிய முதல் ஆண்டிலேயே கணவர் தரையில் படுத்துத்தான் உறங்கினார் என்று மனைவி எழுதித் தரும் ஒரு பக்கமும் வெறும் பரிந்துரைகள் அல்ல, அவை சான்றுகள். போர்க்களத்தில் காயம்பட்டவர்களுக்குச் சட்டம் இன்னும் இளகிக் கொடுக்கிறது: அந்தப் பணியின் சூழலுக்குப் பொருந்துவதாக அவர்கள் சொல்லும் காயத்தை, ஆவணம் இல்லாவிட்டாலும், நிகழ்ந்ததாக ஏற்க வேண்டும். முதுகெலும்பு மூட்டுத் தேய்மானம் பணியை விட்ட ஓராண்டுக்குள் குறைந்தது 10 விழுக்காடு மதிப்பிடத்தக்க அளவில் வெளிப்பட்டிருந்தால், பணித்தொடர்பு இருப்பதாகவே துறை கருதிக்கொள்ளும்.

நேரடித் தொடர்பு கிடைக்காத இடத்தில் இரண்டாம்நிலைத் தொடர்பு கைகொடுப்பதுண்டு. ஏற்கெனவே பணித்தொடர்பு ஒப்புக்கொள்ளப்பட்ட முழங்கால் காயத்தால் ஒருவர் பல ஆண்டுகள் சாய்ந்து நடந்து, அதனால் இடுப்பெலும்பும் கீழ்முதுகும் கெட்டிருந்தால், அந்த முதுகுக்கும் இழப்பீடு கோரலாம். முழங்கால் அதை உண்டாக்காமல், இருந்ததை மோசமாக்கியிருந்தாலும் மோசமான அளவுக்குக் கோரலாம் என்று 1995-இல் ஆலன் வழக்கு வழிவகுத்தது.

பணித்தொடர்பை ஒப்புக்கொண்ட பிறகும் போராட்டம் முடிவதில்லை. எத்தனை விழுக்காடு என்பதில் அது மறுபடி தொடங்குகிறது. 2003 செப்டம்பர் 26 முதல் நடைமுறையிலுள்ள முதுகெலும்புப் பொது மதிப்பீட்டு முறை, நோயின் பெயர் எதுவாயினும், முதுகு எவ்வளவு வளைகிறது என்பதை வைத்தே பெரும்பாலும் தீர்மானிக்கிறது. இடுப்பிலிருந்து முன்னோக்கிக் குனியும் இயல்பான அளவு 90 பாகை. 60-க்கு மேல் 85 வரை குனிய முடிந்தால் 10 விழுக்காடு, 30-க்கு மேல் 60 வரை முடிந்தால் 20, 30 பாகைக்கு மேல் குனியவே முடியாவிட்டால் 40. அதற்கு மேலே செல்ல முதுகெலும்பு இறுகி அசைவற்றுப் போயிருக்க வேண்டும்: மார்பு, இடுப்புப் பகுதி முழுவதும் உடலுக்குப் பாதகமான கோணத்தில் இறுகியிருந்தால் 50, கழுத்திலிருந்து இடுப்புவரை அவ்வாறு இறுகியிருந்தால் 100. இறுகாத முதுகோடு வலியால் முடங்கிக் கிடப்பவர்கள், வளைவை மட்டும் அளக்கும் இந்த ஏணியில் 40-ஆவது படியைத் தாண்டுவதில்லை. வட்டு நோய்க்கு மாற்று முறை ஒன்று உண்டு. கடந்த 12 மாதங்களில் மொத்தம் ஆறு வாரங்களுக்குக் குறையாமல் படுக்கையில் இருக்க நேர்ந்தவருக்கு அது 60 விழுக்காடு தருகிறது. ஆனால் அந்தப் படுக்கை ஓய்வு மருத்துவரால் பரிந்துரைக்கப்பட்டதாக இருக்க வேண்டும் என்கிறது விதி. முதுகுவலிக்குப் படுத்தே கிடக்காதீர்கள், இயன்ற அளவு நடமாடுங்கள் என்று இன்றைய மருத்துவம் அறிவுறுத்தும்போது, எந்த மருத்துவர் ஆறு வாரப் படுக்கை ஓய்வை எழுதித் தருவார் என்பது விளங்கவில்லை. மருத்துவம் கைவிட்ட ஒரு சிகிச்சையை அளவுகோலாக வைத்திருக்கும் இந்த விதி திருத்தப்பட வேண்டியது.

வளைவை அளப்பது துறை ஏற்பாடு செய்யும் மருத்துவப் பரிசோதனையில். பரிசோதகர் கோணமானி எனப்படும் இரு கைகள் கொண்ட அளவுகோலை இடுப்பருகே வைத்து, குனியச் சொல்லி, எந்தப் பாகையில் நின்றார் என்று குறித்துக்கொள்கிறார். பின்னோக்கி வளைதல், இருபுறமும் சாய்தல், இருபுறமும் திரும்புதல் ஆகியவற்றையும் அவ்வாறே அளக்கிறார். வந்தவர் படைவீரர், குனியச் சொன்னால் பல்லைக் கடித்துக்கொண்டாவது குனியப் பழகியவர். வலி தொடங்கிய 25-ஆம் பாகையில் வாய் திறக்காமல் 55-ஆம் பாகை வரை சென்று நிமிர்ந்தால், அறிக்கையில் 55 என்று பதிவாகும். இழப்பீட்டு விழுக்காடு பாதியாகக் குறைய அந்த ஒரு நொடி போதும். வலி தொடங்கும் இடத்தை அங்கேயே சொல்வது நடிப்பல்ல, அளவீட்டின் ஒரு பகுதி என்பதை விண்ணப்பதாரர்களுக்கு முன்கூட்டியே எடுத்துச் சொல்வார் யாரும் இல்லாததே பல மேல்முறையீடுகளுக்குத் தொடக்கம்.

பரிசோதனை நடந்த நாளில் முதுகு ஓரளவு நன்றாக இருந்திருக்கலாம். மாதத்தில் நான்கு நாள்கள் காலணியின் நாடாவைக்கூடக் கட்ட முடியாமல் வலி மூண்டெழுவதும் உண்டு. இதைத்தான் 1995-ஆம் ஆண்டின் டெலூகா வழக்கு கவனத்தில் கொண்டது: வலி மூளும் நாள்களிலும், திரும்பத் திரும்ப வேலை செய்து களைத்த பிறகும் எவ்வளவு அசைவு குறைகிறது என்பதைப் பரிசோதகர் கணிக்க வேண்டும். வலி மூளாத நாளில் பார்த்ததால் சொல்ல இயலாது என்று எழுதித் தப்பிக்க முடியாது, விண்ணப்பதாரரிடம் கேட்டு அவர் சொல்வதைக் கொண்டு மதிப்பிட வேண்டும் என்று 2017-இல் ஷார்ப் வழக்கு அதை மேலும் இறுக்கியது. தானாக அசைப்பது, பிறர் பிடித்து அசைப்பது, உடல் எடை தாங்கும் நிலை, தாங்காத நிலை என்று வலியைச் சோதிக்க வேண்டிய முறைகளை 2016-இல் கொரேயா வழக்கு வகுத்தது. வலி இருப்பதாலேயே உயர்ந்த விழுக்காடு கிடைத்துவிடாது, அது செயல்பாட்டைக் குறைக்க வேண்டும் என்பது 2011-ஆம் ஆண்டின் மிட்செல் வழக்கு இட்ட எல்லை. அறிக்கையின் நகலைப் பெற்று இந்தக் கேள்விகள் கேட்கப்பட்டனவா, விடைகள் எழுதப்பட்டனவா என்று வரி வரியாகச் சரிபார்த்தால், மேல்முறையீட்டுக்கான காரணம் அந்தப் பக்கங்களிலேயே கிடைப்பதுண்டு.

முதுகைத் தனியாகவும் நரம்பைத் தனியாகவும் மதிப்பிட வேண்டும் என்பது பலர் தவறவிடும் விதி. வட்டு நரம்பை அழுத்துவதால் காலில் பரவும் வலி, மரத்துப்போதல், சிறுநீர், மலக் கட்டுப்பாடு குலைதல் ஆகியவை முதுகின் விழுக்காட்டுக்குள் அடங்கிவிடுவதில்லை. சயாட்டிக் நரம்பின் பாதிப்பு இலேசானால் 10, நடுத்தரமானால் 20 என்று தொடங்கி, முழுச் செயலிழப்புக்கு 80 விழுக்காடு வரை தனி மதிப்பு உண்டு. ஆனால் இவற்றைக் கூட்டும் கணக்கு பள்ளிக்கூடக் கூட்டல் அல்ல. முதுகுக்கு 40 விழுக்காடும் ஒரு காலுக்கு 20 விழுக்காடும் பெற்றவரின் எஞ்சிய திறன் 60. அந்த 60-இல் 20 விழுக்காடு 12. ஆக மொத்தம் 52, அருகிலுள்ள பத்துக்குச் சுருக்கினால் 50. மறு காலுக்கும் 20 கிடைத்தால் இரு கால்களையும் முதலில் சேர்த்து 36 என்றும், இரு பக்கமும் பாதிக்கப்பட்டதற்காக அதில் பத்தில் ஒரு பங்கைக் கூட்டி ஏறத்தாழ 40 என்றும் கொண்டு, முதுகோடு இணைத்தால் 64 வரும். அது 60 ஆகும். இந்தப் பத்து விழுக்காட்டு வேறுபாடு இன்னொரு வாசலையும் திறக்கிறது. ஒரே குறைபாட்டுக்கு 60 விழுக்காடு பெற்று, அதனால் வருமானம் தரும் வேலை எதையும் நிலையாகச் செய்ய முடியாமல் போனவர், 100 விழுக்காட்டுக்கு உரிய தொகையையே கோரலாம். ஒரே மூலத்திலிருந்து வந்த குறைபாடுகள் இதற்காக ஒன்றாகவே எண்ணப்படுவதால், முதுகும் அதிலிருந்து இறங்கிய கால் நரம்பு வலியும் சேர்ந்து அந்த 60-ஐ எட்டலாம்.

மேல்முறையீட்டு முறைக்கு ஒரு வரலாறு உண்டு. 1988-இல் நாடாளுமன்றம் நீதித்துறை மறுஆய்வுச் சட்டத்தை இயற்றும் வரை, துறையின் முடிவை எதிர்த்து நீதிமன்றம் செல்லும் உரிமையே இந்தக் கோரிக்கைகளில் பொதுவாகக் கிடையாது. வழக்கறிஞருக்கான கட்டணமும் 1864-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 10 டாலராகவே நின்றது. 1988-ஆம் ஆண்டுச் சட்டம் இந்தக் கோரிக்கைகளுக்கெனத் தனி நீதிமன்றம் ஒன்றை ஏற்படுத்தியது. 2017 ஆகஸ்டில் கையொப்பமாகி 2019 பிப்ரவரி 19 முதல் நடைமுறைக்கு வந்த நவீனமாக்கல் சட்டமே இன்றைய பாதைகளை வகுத்தது.

முதல் பாதை உயர்நிலை மறுஆய்வு. மூத்த அதிகாரி ஒருவர் அதே கோப்பைப் புதிதாகப் படித்து முடிவெடுப்பார். புதுச் சான்று எதையும் சேர்க்க முடியாது, தொலைபேசியில் ஒருமுறை பேசிப் பிழையைச் சுட்டிக்காட்டலாம். இரண்டாவது துணைக் கோரிக்கை. புதியதும் தொடர்புடையதுமான சான்று ஒன்றேனும் இருந்தால் அதைச் சேர்த்து மறுபடி விண்ணப்பிப்பது. மூன்றாவது முன்னாள் படைவீரர் மேல்முறையீட்டு வாரியம். அங்கே கோப்பை மட்டும் பார்க்கச் சொல்லலாம், 90 நாள்களுக்குள் சான்று சேர்க்கலாம், அல்லது வாரிய நீதிபதியின் முன் நேரில் பேசலாம். எந்தப் பாதையைத் தேர்வது என்பதை மறுப்புக் கடிதத்தின் காரணப் பகுதியே சொல்லிவிடும். பரிசோதகர் வலி மூளும் நாள்களைப் பற்றிக் கேட்கவே இல்லை, கோப்பிலிருந்த ஸ்கேன் கவனிக்கப்படவில்லை என்பன போன்ற பிழைகள் கோப்பிலேயே தெரிந்தால் முதல் பாதை போதும். இணைப்பைக் காட்டும் மருத்துவக் கருத்து இல்லை என்று கடிதம் சொன்னால், அந்தக் கருத்தைப் பெறாமல் அதே கோப்பை மறுபடி மறுபடி அனுப்புவதில் பயன் இல்லை. துணைக் கோரிக்கைதான் வழி. பிழையைச் சரிசெய்ய வேண்டிய இடத்தில் சான்றைத் தேடி மாதங்களைக் கழிப்பதும், சான்று வேண்டிய இடத்தில் வாதத்தை மட்டும் எழுதுவதும் வெல்லக்கூடிய கோரிக்கைகளைத் தோற்கடித்து விடுகின்றன.

மருத்துவக் கருத்து என்பது இரண்டு வரிச் சான்றிதழ் அல்ல. படைவீரரின் முதுகுவலி பணியால் வந்திருக்கலாம் என்று ஒரு மருத்துவர் எழுதினால் அந்த ‘லாம்’ கருத்தின் எடையைக் குறைத்துவிடும். பணியால் வந்திருப்பதற்கான வாய்ப்பு, வராதிருப்பதற்கான வாய்ப்புக்குக் குறைந்ததன்று என்ற அளவுகோலில் அவர் சொல்ல வேண்டும். கோப்பைப் படித்தேன் என்று குறிப்பிடுவதைவிட, ஏன் அப்படிக் கருதுகிறார் என்ற விளக்கமே கருத்துக்கு மதிப்பைத் தருகிறது என்று 2008-இல் நியெவ்ஸ்-ரோட்ரிகெஸ் வழக்கு தெளிவாக்கியது. இருபது வயதில் ஏற்பட்ட வட்டுக் காயம் நாற்பது வயதில் எப்படித் தேய்மானமாக முற்றுகிறது, இவருடைய தேய்மானம் ஏன் காயம்பட்ட மட்டத்தில் மிகுந்தும் பிற மட்டங்களில் குறைந்தும் இருக்கிறது, பணிக்குப் பின் செய்த வேலை அதற்கு ஏன் காரணமாக முடியாது என்று காரணகாரியமாக எழுதும் மருத்துவரே வழக்கைத் தாங்குகிறார். இதே அளவுகோல் துறையின் பரிசோதகருக்கும் பொருந்தும்; பதிவில் இல்லை, ஆகவே தொடர்பில்லை என்று மட்டும் எழுதிய அறிக்கையை இந்தக் காரணத்தைக் காட்டியே எதிர்க்கலாம்.

இருபுறச் சான்றுகளும் ஏறத்தாழச் சமமாக நிற்கும்போது சந்தேகத்தின் பலன் விண்ணப்பதாரருக்கே என்பது இந்தச் சட்டத்தின் தனிச்சிறப்பு. முழுமையாக நிரூபிக்க வேண்டியதில்லை, தராசைச் சமநிலைக்குக் கொண்டுவந்தாலே போதும். ஆனால் தராசை நிறுத்தும் இடம் துறையும் வாரியமுமே. 2025 மார்ச்சில் பஃப்கின் வழக்கில் உச்ச நீதிமன்றம், சான்றுகள் சமமா இல்லையா என்ற வாரியத்தின் கணிப்பில் தெளிவான பிழை இருந்தாலொழிய இக்கோரிக்கைகளுக்கான தனி நீதிமன்றம் தலையிட வேண்டியதில்லை என்று பெரும்பான்மைத் தீர்ப்பு அளித்தது. அந்தத் தனி நீதிமன்றம் புதுச் சான்றையும் ஏற்பதில்லை. ஆகவே சொல்ல வேண்டியதை வாரியத்தின் முன்பே சொல்லி முடித்திருக்க வேண்டும் என்ற பழைய அறிவுரை இப்போது கட்டாயமாகிவிட்டது.

வாரியத்தின் முடிவுக்குப் பின் நீதிமன்றம் செல்ல 120 நாள்கள் உண்டு. கொரியப் போரில் பணியாற்றி மனநோயால் பாதிக்கப்பட்ட டேவிட் ஹெண்டர்சன் 15 நாள்கள் தாமதமாக விண்ணப்பித்ததால் வழக்கு தள்ளுபடியாக, இந்தக் காலக்கெடு நீதிமன்றத்தின் அதிகாரத்தையே பறித்துவிடும் அளவுக்கு இறுக்கமானதல்ல என்று 2011-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அது அவரைப் போன்ற நோயாளிகளுக்கான கதவு. கெடுவைத் தவறவிட எல்லோருக்கும் கிடைத்த அனுமதி அல்ல.

அமெரிக்கன் லீஜியன், ஊனமுற்ற அமெரிக்கப் படைவீரர்கள் அமைப்பு ஆகியவற்றின் அங்கீகாரம் பெற்ற பிரதிநிதிகள் கட்டணமின்றி உதவுகிறார்கள். வழக்கறிஞர்கள் முதல் முடிவு வந்த பிறகே கட்டணம் பெறலாம். நிலுவைத் தொகையில் 20 விழுக்காடு வரை நியாயமானதாகவும், மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்டது நியாயமற்றதாகவும் விதி கருதுகிறது. முதல் விண்ணப்பத்துக்கே பெருந்தொகை கேட்டு, அங்கீகாரம் இல்லாமல் இயங்கும் இடைத்தரகர்களை அண்ட வேண்டாம்.

மறுப்புக் கடிதம் கைக்கு வந்தவர் முதலில் பார்க்க வேண்டியது அதன் தேதியை. அத்தேதியிலிருந்து ஓராண்டுக்குள் மூன்று பாதைகளுள் ஒன்றில் சென்றால், பின்னாளில் வெற்றி கிடைக்கும்போது முதல் விண்ணப்பத்தின் நாளிலிருந்தே நிலுவை கணக்கிடப்படும். ஓராண்டு கடந்த பின் துணைக் கோரிக்கை வழியாக வென்றாலும் இடைப்பட்ட ஆண்டுகளின் தொகை திரும்பி வராது. அடுத்து, தம் கோரிக்கைக் கோப்பின் முழு நகலையும் பரிசோதனை அறிக்கையையும் எழுதிக் கேட்டுப் பெற வேண்டும். அவற்றைப் பெற அவருக்கு உரிமை உண்டு.